நியூ ஆர்டரின் முதல் இசைத்தட்டு: என்னிடம் இருப்பது எந்தப் பதிவு?

சென்ற மாதம் மான்செஸ்டரில், பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடையொன்றில் நியூ ஆர்டர் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் ‘செரிமனி’ 12 அங்குலத் தட்டை உறையில்லாமல் வாங்கினேன். அது எந்தப் பதிவு என்பதைக் கண்டறிய முடியவில்லை. ஜாய் டிவிஷன் இசைக்குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று இறந்த பின், எஞ்சிய பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹுக், ஸ்டீபன் மாரிஸ் மூவரும் புதிய பெயரில், ஜாய் டிவிஷன் காலத்துப் பாடலான இதை முதலில் பதிவு செய்தனர். கிட்டாரும் கீபோர்டும் வாசிக்கும் கில்லியன் கில்பர்ட் சேர்ந்ததும் மறுபடி பதிவு செய்து, 1981 செப்டம்பரில் வேறு உறையுடன் வெளியிட்டனர். ஃபேக்டரி இசைத்தட்டு நிறுவனம் இரண்டுக்கும் ஃபாக் 33 என்ற ஒரே பட்டியல் எண்ணைக் கொடுத்ததுதான் என் சிக்கல்.

1987-இல் வந்த ‘சப்ஸ்டன்ஸ்’ தொகுப்பில் இருப்பது இரண்டாம் பதிவு என்பதால் அதனுடன் ஒப்பிட்டேன். ஆனால் என் ரெக்கார்டு பிளேயரின் பெல்ட் தளர்ந்து தட்டு மெதுவாகச் சுழல்வதால், பாடலின் கால அளவை நம்ப முடியவில்லை. இரண்டாவது கிட்டார் கேட்கிறதா என்று பலமுறை கூர்ந்து கேட்டேன். கீறல் இரைச்சலே மிஞ்சியது.

இரண்டு தட்டுகளையும் வைத்திருப்பவர்களே, உறையும் கால அளவும் இல்லாமல் அவற்றைப் பிரித்தறிய உதவும் அடையாளம் எது?