குடியை விட்டதைப் பற்றிக் கவிதை: 'அரக்கன்', 'சிறை' இல்லாமல் எழுதுவது எப்படி?

நீலாம்பல்:
பெண், வயது 24. குடியை விட்டு ஐந்தாவது மாதம். எதை எழுதினாலும் இப்படித்தான் வந்து நிற்கிறது:

இருட்டுச் சிறையில் கிடந்தேன்
மது அரக்கன் பிடியில்
இன்று மீண்டேன்
பீனிக்ஸாய் எழுந்தேன்

படிப்பவர்கள் 'நல்லா இருக்கு' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எங்கே பிசகுகிறது? சொந்தக்காரர்கள் கண்டுபிடிக்காதபடி ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்ப முடியுமா?

தாழை:
நாலு வரியில் கண்ணால் பார்க்கும்படி ஒரு பொருள்கூட இல்லை. மதுவை எடுத்துவிட்டுக் கடன், காதல் தோல்வி எதை வைத்தாலும் கவிதை அப்படியே நிற்கும். அதுதான் பிசகு.

பெண் குடித்தால் ஒளிப்பதுதான் பாதி வேலை, பொருட்களும் அங்கேதான் கிடக்கின்றன. அரிசி டிரம்முக்குள் புதைத்த குவார்ட்டர், வாயில் அடக்கிய கிராம்பு, நாப்கினைச் சுற்றித் தரும் அதே கறுப்புக் கவர். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, ஆறு வரிக்கு அதைவிட்டு நகராதீர்கள். மூன்றையும் அடுக்கினால் மளிகைச் சீட்டாகிவிடும். 'குடி குடியைக் கெடுக்கும்' சிலேடைப் பக்கமும் போக வேண்டாம், அது சுவரிலேயே தேய்ந்துவிட்டது.

அடுத்தது வினைமுற்று. 'மீண்டேன்' என்றால் காரியம் முடிந்துவிட்டது. 'குடிக்க மாட்டேன்' சத்தியம். 'குடிப்பதில்லை' விருந்தில் தட்டை மறுக்கும் மரியாதை. 'குடிக்கவில்லை' ஒன்றுதான் இன்றைக்கு மட்டும் பொறுப்பேற்கிறது. ஐந்தாம் மாதத்துக்கு அது போதும்.

ஏரிக்கரை:
தாழை சொன்னதோடு ஒன்று. குறளில் கள்ளுண்ணாமை அதிகாரம் குடிப்பவரை வெளியே நின்றே பார்க்கிறது. 923-இல் பெற்றவள் முகம், 929-இல் 'களித்தானை' என்று ஆண்பால். நம் மொழியில் 'குடிகாரன்' சாதாரணமாகப் புழங்கும், 'குடிகாரி' வசவாகத்தான் வரும். அதனால் படர்க்கைக்குப் போகாமல் தன்மையிலேயே எழுதுவது உங்களுக்கு நல்லது. 'நான்' என்பதில் ஆண்பால் பெண்பால் ஒட்டாது.

பெண் கள்ளைப் பற்றி எழுதலாமா என்று யாராவது கேட்டால் புறநானூறு 235-ஐக் காட்டுங்கள். அதியமான் இறந்தபின் ஔவை பாடியது. கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து உண்பான். துக்கத்தை எடுத்த எடுப்பில் அளவால் சொல்கிறாள். 'அரக்கன்' என்பதைவிட 'கட்டிங்' என்ற சொல்லுக்கு எடை அதிகம், அதில் 90 மில்லி இருக்கிறது.

கவுன்சலர்_மதுரை:
அளவு சரி, ருசி வேண்டாம். ஐஸ் சத்தம், தொண்டையில் இறங்கும் சூடு இதையெல்லாம் விவரித்தால் எழுதுபவருக்கே ஆசை கிளம்பும், விட முயலும் வாசகருக்கும் அப்படியே. ஆசை கிளம்பிய நேரத்தில் நோட்டை எடுக்காதீர்கள். தீனி போடாவிட்டால் அந்த அலை பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும். அதற்குள் சாப்பிடுங்கள், யாரையாவது கூப்பிடுங்கள். எழுதுவது மறுநாள் காலையில்.

'ஒரே இரவில் பாட்டிலை உடைத்து அறையைப் பூட்டிக்கொண்டேன்' என்று வீரமாக எழுதுவதையும் தவிருங்கள். தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் பிதற்றல் தொடங்கலாம். உயிரும் போகும். கவிதையில் ஒரு டாக்டரோ மாத்திரை அட்டையோ இருந்துவிட்டுப் போகட்டும். அடியில் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைப் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள்.

அடையாளம் மறைக்கப் புனைபெயர் மட்டும் போதாது. தெரு, கல்லூரி, அண்ணன் வேலை, இவற்றில் இரண்டையாவது மாற்றுங்கள். வேர்டு ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் உங்கள் பெயர் உட்கார்ந்திருக்கும், அழித்துவிட்டு அனுப்புங்கள். அச்சானதும் ஸ்டேட்டஸில் வைத்தால் செய்ததெல்லாம் வீண்.

நீலாம்பல்:
மாற்றிப் பார்த்தேன்:

அரிசி டிரம்மில்
கை விட்டு அளக்கிறேன்
மூன்று ஆழாக்கு
விரலில் அரிசி மட்டும்தான்
தட்டுப்படுகிறது
இன்று குடிக்கவில்லை

தாழை:
இப்போது கவிதை. கடைசி வரியை வெட்டிவிடுங்கள், 'மட்டும்தான்' அதைச் சொல்லிவிட்டது. ஆனால் குடி என்ற சொல்லே இல்லாமல் புதியவருக்குப் புரியாது, அந்த வேலையைத் தலைப்பிடம் கொடுங்கள்: 'குடிக்கவில்லை, 146-ஆம் நாள்'. நாள் கணக்கு உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.