ரீஜண்ட்: 'ஆட்சிப் பொறுப்பாளர்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். அரசர் சிறுவராகவோ ஆள முடியாதவராகவோ இருக்கும்போது அவர் பெயரில் நாட்டை ஆள்பவர் ரீஜண்ட் (regent). அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதே பேச்சு. வந்த ஒரு கேள்வி:

> 'அரசப் பிரதிநிதி' என்றே எழுதிவிடலாமே? பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான் ஐயா, ஆனால் வைஸ்ராய்க்குப் பழகியது. பிரதிநிதி என்றால் அவரை அனுப்பிவைக்க ஓர் அரசர் வேண்டும். இங்கிலாந்தில் ரீஜண்டாக இருந்த பிரபு வில்லியம் மார்ஷலின் கதையில் அது இடிக்கிறது.

1216 அக்டோபரில் இங்கிலாந்து அரசர் ஜான் இறந்தபோது மகன் ஹென்றிக்கு 9 வயது. லண்டன் பிரெஞ்சு இளவரசர் லூயியின் கையில் இருந்தது. பிரபுக்கள் பலர் அவர் பக்கம் சாய்ந்திருந்தார்கள். குளோஸ்டரில் அவசரமாகப் பையனுக்கு முடிசூட்டிவிட்டு, கூடியிருந்தவர்கள் ஆட்சியை மார்ஷலிடம் ஒப்படைத்தார்கள். அவருக்கு ஏறத்தாழ 70 வயது. 9 வயதுப் பிள்ளை யாரைப் பிரதிநிதியாக நியமிக்கும்?

வாரிசுப் போர் மார்ஷலுக்குப் புதிதில்லை. ஸ்டீபனும் மெட்டில்டாவும் முடிக்காக மோதிய காலத்தில், 1152இல், நியூபரி முற்றுகையின்போது ஸ்டீபனிடம் பணயமாகக் கொடுக்கப்பட்ட சிறுவன் அவர். தந்தை வாக்கை மீறியதும் பையனைத் தூக்கிலிடப் போனார்கள். வேறு பிள்ளைகள் பெற்றுக்கொள்வேன் என்று தந்தை சொல்லியனுப்பியதாகக் கதை. கொல்ல மனம் வராதவர் ஸ்டீபன்தான். அந்தப் பிள்ளைதான் முதுமையில் இன்னொரு பிள்ளையின் முடியைக் காத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அடுத்து 'காப்பாளர்'. சட்டத்தமிழில் இளவருக்கு, அதாவது வயதுக்கு வராதவருக்கு, காப்பாளர் உண்டு, நல்ல சொல். ஆனால் ஹென்றியை உடனிருந்து கவனித்துக்கொண்டவர் வின்செஸ்டர் ஆயர் பீட்டர் தெ ரோஷ். ஆட்சி ஒருவரிடம், பிள்ளை ஒருவரிடம். 1219இல் கேவர்ஷாமில் மரணப்படுக்கையில் கிடந்த மார்ஷல், போப்பின் தூதர் பாண்டல்ஃபிடம் ஹென்றியை ஒப்படைக்க முடிவுசெய்தார். பையன் தன்னிடம்தான் இருக்கவேண்டும் என்று ஆயர் மல்லுக்கு நின்றார்; மார்ஷல் இசையவில்லை. இந்தச் சண்டையைத் தமிழில் எழுத நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும். 'காப்பாளர்' ஆயருக்கு இருக்கட்டும்.

'பகர ஆளுநர்' (பகரம் என்றால் பதில்) அகராதியில் உண்டு. இன்றைக்கு ஆளுநர் என்றதும் மாநில ஆளுநர் மாளிகைதான் நினைவுக்கு வருகிறது. 'பொறுப்பு ஆட்சியர்' என்றாலோ மாவட்டக் கலெக்டர் விடுப்பில் போய்விட்டார் என்று ஆகிவிடும்.

எனவே என் பரிந்துரை: ரீஜண்டுக்கு 'ஆட்சிப் பொறுப்பாளர்', அந்த ஏற்பாட்டுக்குப் 'பொறுப்பாட்சி'. பொறுப்பு என்பதில், உரிமை வேறொருவருடையது, சுமை இவருடையது என்ற பொருள் வந்துவிடுகிறது. 1216 நவம்பரில், அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மேக்னா கார்ட்டா சாசனத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டபோது ஹென்றிக்குச் சொந்த முத்திரையே இல்லை. ஆவணம் அரசர் பெயரில். அதில் பதிந்தவை மார்ஷலின் முத்திரையும் போப்பின் தூதர் குவாலாவின் முத்திரையும்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: '1217 மே 20 அன்று லிங்கன் நகரில் ஆட்சிப் பொறுப்பாளரே குதிரையேறிப் போரிட்டு வென்றார்.' 'திருவிதாங்கூரில் 1924 முதல் 1931 வரை சேது லட்சுமி பாயியின் பொறுப்பாட்சி நடந்தது.' எனக்கு உறுத்தவில்லை.

மார்ஷலுக்குப் பிறகு அந்தப் பட்டம் யாருக்கும் போகவில்லை. பாண்டல்ஃப், ஆயர் பீட்டர், அரசின் தலைமை அதிகாரி ஹியூபர்ட் தெ பர்க் மூவரும் சேர்ந்து ஆட்சியை நடத்தினார்கள். அதற்குப் 'பொறுப்பாட்சிக் குழு' என்று எழுதலாமா? இதைவிடச் சுருக்கமான சொல் தோன்றினால் சொல்லுங்கள்.