கார் சைலன்சர்ல கருப்புக் கரி, மைலேஜும் போச்சு. அவசரம்!

கொங்குநாடன்:
ரெண்டு மாசமா சைலன்சர் வாய் பூரா கரி. காலைல ஸ்டார்ட் பண்ணா பின்சுவரு கருக்குது. ஏர் ஃபில்டர் புதுசுங்க. இந்த வாரம் புகை சர்டிஃபிகேட் எடுக்கணும். என்னவா இருக்கும்?

மலைரோடு:
பெட்ரோலா டீசலா? எந்த வருஷ வண்டி? எவ்வளவு ஓடியிருக்கு?

டர்போமணி:
ஈ.ஜி.ஆர். வால்வுதான், புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற வால்வு. கழட்டிக் கிளீன் பண்ணுங்க. இல்லன்னா டர்போ காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலரோட ஹோஸ் கிழிஞ்சிருக்கும், மேடு ஏறும்போது இழுக்காது.

மலைரோடு:
நீங்க டீசல்னு வெச்சுப் பேசறீங்க, அவர் இன்னும் அப்படிச் சொல்லவே இல்லையே.

பழையஸ்பேனர்:
முதல்ல விரலால தொட்டுப் பாக்கணும். காஞ்ச பொடின்னா பெட்ரோல் அதிகமாப் போகுது. பிசுபிசுன்னு ஒட்டினா ஆயில் எரியுது. இதுகூடப் பாக்காம கேள்வி கேக்க வந்துடறாங்க. ஃபோரத்துல பழைய இழைகளைப் படிங்க தம்பி.

கொங்குநாடன்:
பெட்ரோல், 2013. 90,000 கி.மீ. காஞ்ச பொடிதான்.

சிட்டிடிரைவ்:
எல்லாம் ஈ20 பெட்ரோல், அதான் 20% எத்தனால் கலந்தது, வந்ததுல இருந்துதான்.

மலைரோடு:
எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கு. கலவை லீன் (பெட்ரோல் கம்மி) ஆகுமே தவிர ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகாது. கரி குறையத்தான் செய்யும்.

சிட்டிடிரைவ்:
அப்போ மைலேஜ் ஏன் குறையுது?

மலைரோடு:
எத்தனால்ல எரிசக்தி கம்மி, அதனால குறையும். கரிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

சிட்டிடிரைவ்:
பழைய வண்டி ரப்பர் ஹோஸ் கெட்டுப்போறதும் பொய்யா?

பழையஸ்பேனர்:
அதுக்குத் தனி இழை போடுங்க.

வைகைக்கரை:
கேட்டவருக்குப் பதில் சொல்வோம். வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓ.பி.டி. ஸ்கேனர் மாட்டி, வண்டி நல்லா ஓடின பிறகு கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணி) டெம்பரேச்சர் பாருங்க. 80 டிகிரிக்கு மேல காட்டணும். கம்மியா காட்டினா ஈ.சி.யூ., அதான் இன்ஜின் கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்குன்னு நினைச்சு பெட்ரோலைக் கூட்டி விடும். ரேடியேட்டர் மேல் ஹோஸ் கொதிக்குது, ஸ்கேனர் மட்டும் கம்மியா காட்டுதுன்னா டெம்பரேச்சர் சென்சார் போச்சு. ஹோஸும் வெதுவெதுன்னு இருந்தா, சூடானதும் தண்ணியை ரேடியேட்டருக்குத் திறந்து விடுற தெர்மோஸ்டாட் திறந்தபடியே நிக்குது. ரேடியேட்டர் மூடியைத் திறந்துடாதீங்க, கொதிதண்ணி முகத்துல அடிக்கும். டெம்பரேச்சர் சரியா இருந்தா அடுத்து ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டர் ஒழுகல்னு போகலாம்.

டர்போமணி:
பெட்ரோல்லயும் ஈ.ஜி.ஆர். உண்டு, சொல்லிட்டேன்.

கொங்குநாடன்:
ஹோஸ் சூட்டுல தொட முடியல, ஸ்கேனர்ல 41. சென்சார் மாத்தியாச்சு. புகை டெஸ்ட் பாஸ். நன்றிங்க வைகைக்கரை.

வைகைக்கரை:
நல்லதுங்க. ஸ்பார்க் பிளக்கையும் கழட்டிப் பாருங்க, கரி பிடிச்சிருக்கும். ஆயில்ல பெட்ரோல் வாடை வருதா? வந்தா ஆயிலையும் மாத்திடுங்க.

பழையஸ்பேனர்:
சென்சார் என்ன விலை, கடைல என்ன கூலி வாங்கினாங்கன்னு எழுதிட்டுப் போங்க தம்பி. அடுத்து வர்றவனுக்கு உதவும்.