புதுப்பிப்பு: காற்றுக்கத்தியின் ஊளை அடங்கியது

கிருஷ்ணகிரியில் நான் வேலை செய்யும் மாம்பழக்கூழ் ஆலையில், டின்களின் ஈரத்தை ஊதித் தள்ளும் காற்றுக்கத்தி காதைக் கிழிக்கிறது, ஈரமோ போகவில்லை என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்.

காற்றுக்கத்தியின் மெல்லிய பிளவிலிருந்து வரும் காற்று, அதன் வளைந்த முகப்பை ஒட்டியே திரும்ப வேண்டும். கோவாண்டா விளைவு என்பது அதுதான். ஒரு தையல் நூலை அந்த வளைவின்மேல் பிடித்துப் பார்த்தேன். 2 பார் அழுத்தத்தில் நூல் வளைவோடு படிந்து கிடந்தது. 5 பாருக்கு ஏற்றியதும் வெடுக்கென்று விலகி நேராகத் துடித்தது. ஊளையும் அதே நொடியில் கிளம்பியது! ஒலிவேகத்தைத் தாண்டிய தாரையில், அதாவது பீறிடும் காற்றில், எழும் அதிர்வலைகள் காற்றை வளைவிலிருந்து பிய்த்துவிடுகின்றன.

காற்றின் வேகம் பாதியானால் சத்தம் 24 டெசிபல் குறையும் என்று பிரிட்டன் கணிதவியலாளர் லைட்ஹில்லின் 1952ஆம் ஆண்டுக் கணக்கை அந்தப் பதிவுக்குப் பதிலாக ஒருவர் சொல்லியிருந்தார். அது ஒலிவேகத்துக்குக் கீழான தாரைகளுக்கு. எங்கள் ஊளைக்குச் செல்லாது. அழுத்தத்தைக் குறைத்தும் பார்த்தோம். சத்தம் தணிந்தது, டின் காயவில்லை.

பலித்தது வேறு. முகப்பைக் கழற்றி, மெல்லிய தகடு ஒன்றை மாற்றிப் போட்டுப் பிளவைப் பாதியாக்கினோம். வளைவின் ஆரத்தோடு ஒப்பிடப் பிளவு எவ்வளவு மெலிதோ, அவ்வளவு கூடுதல் அழுத்தத்திலும் காற்று ஒட்டியிருக்கும். இப்போது 4 பாரிலும் நூல் படிகிறது.

மிச்சம் இருப்பது ஒரு சீறல். காதடைப்பானை இன்னும் கழற்றவில்லை. டின்னின் அடி விளிம்பில் மட்டும் ஒரு துளி பிடிவாதமாக நிற்கிறது.