லேண்ட்ஸ்கேப்பில் ஸ்கிரீனைப் பிரிப்பதா, போர்ட்ரெய்ட்டிலேயே பூட்டுவதா?

ஈரோடு_கோடர்:
ஜவுளி மொத்தக் கடைக்கு ஆர்டர் ஆப், ஆண்ட்ராய்டு. பையன்கள் கையில் போன், கல்லாவில் ஒரு டேப்லெட். இப்போ ஆர்டர் லிஸ்ட் ஒரு ஸ்கிரீன், தொட்டால் விவரம் இன்னொரு ஸ்கிரீன். படுக்கைவாட்டில் திருப்பினா இடப்பக்கம் லிஸ்ட், வலப்பக்கம் விவரம்னு பிரிக்க எனக்கு ஆசை. "திருப்பவே முடியாத மாதிரி பூட்டிடு, வேலை மிச்சம்" என்கிறார் முதலாளி. டேப்லெட்டில் பிரிக்கலாம், சரி. போனில்?

நிமிர்ந்தவன்:
முதலாளி பக்கம்தான் நான். 360×800 டிபி (ஆண்ட்ராய்டுல ஸ்கிரீன் அளவுக்கான அலகு) போனைத் திருப்புங்க, உயரம் 360. ஸ்டேட்டஸ் பார் 24, மேல் பார் 64, கீழே நேவிகேஷன் பார் 80. மிச்சம் 192. ஒரு வரிசைக்கு 72 வெச்சா மூணு ஆர்டர்கூட முழுசாத் தெரியாது. இதுல ரெண்டா வேற பிரிக்கணுமா? கூகுளோட மெட்டீரியல் டிசைன் வழிகாட்டியே 840 டிபி அகலத்துக்கு மேலதான் ரெண்டு பேன் (பக்கத்துல பக்கத்துல ரெண்டு பகுதி) பரிந்துரைக்குது. 600லிருந்து 840க்குள்ள ஒண்ணே போதும்னு சொல்லுது.

கயல்_யூஐ:
கீழ் பாரை லேண்ட்ஸ்கேப்பிலும் கீழேயே வைக்கச் சொன்னது யாரு? இடது ஓரத்துல ரெயிலா, அதாவது செங்குத்துப் பட்டையா நிறுத்துங்க. உயரம் 272 ஆயிடும், கிட்டத்தட்ட நாலு வரிசை. அகலத்துல ரெயிலுக்கு 80, லிஸ்ட்டுக்கு 300 போனாலும் விவரத்துக்கு 420 இருக்கு. போர்ட்ரெய்ட்ல மொத்த ஸ்கிரீனே 360தான் சார்! பிரிச்சதுக்கு அப்புறமும் விவரம் முன்னைவிட அகலமாத்தான் வருது. பிரிக்காம விட்டா கடைக்காரர் பேர் ஒரு கோடியில, தொகை மறு கோடியில. எந்தப் பேருக்கு எந்தத் தொகைன்னு விரல் வெச்சுத்தான் படிக்கணும்.

நிமிர்ந்தவன்:
அந்த 420 பேப்பர்ல மட்டும்தான். கீழே பேக், ஹோம்னு மூணு பட்டன் வெச்ச போன்ல, திருப்பினதும் அந்தப் பட்டையும் பக்கவாட்டுக்கு வந்துடும், 48 டிபி. கேமரா ஓட்டைக்கு ஒதுக்குற இடம் தனி. 340 தேறினா பெரிசு. 300 டிபி லிஸ்ட்டுல "திருப்பியனுப்பப்பட்டவை"ன்னு போட்டு, பக்கத்துல தொகையும் போட்டுப் பாருங்க, வார்த்தை நடுவுல உடையும். கீபோர்டு வந்தா பாதி உயரத்துக்கு மேல காலி. சில கீபோர்டு முழு ஸ்கிரீனையும் எடுத்துக்கிட்டு ஒரே ஒரு பெட்டியைக் காட்டும், ரெண்டு பேனும் அம்போ. ஆப்பிளும் 2014ல ஐபோன் 6 பிளஸ்ஸுக்குத்தான் இந்தப் பிரிப்பைக் கொடுத்தான். சாதாரண 6ஐத் திருப்பினா ஒரே பத்திதான்.

பழைய_டெவ்:
2011இல் ஹனிகோம்ப் (ஆண்ட்ராய்டு 3.0) வந்து ஃப்ராக்மென்ட் (ஸ்கிரீனைத் துண்டுகளாக அமைக்கும் வசதி) கொடுத்ததிலிருந்து இதே சண்டை. இருவருமே போன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டியது ஆப்புக்குக் கிடைத்திருக்கும் ஜன்னலின் அளவை. டேப்லெட் படுக்கையில்தான் இருக்கும், ஆனால் பயனர் பாதியில் வாட்ஸப்பைத் திறந்துவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது 500 டிபி. மடிக்கும் போனை விரித்தால் ஏறக்குறைய சதுரம், அங்கே நிமிர்வு ஏது, படுக்கை ஏது? அகலம் 840ஐத் தாண்டுகிறதா, உயரம் 480க்குக் கீழே போகிறதா, இரண்டையும் கேளுங்கள்.

பூட்டும் யோசனைக்கு ஆயுசு குறைவு. ஆப்பை ஆண்ட்ராய்டு 16க்கென்று அமைத்தால் (டார்கெட் செய்தால்), குறுகிய பக்கமே 600 டிபிக்குக் குறையாத ஸ்கிரீனில் உங்கள் பூட்டைச் சிஸ்டம் கண்டுகொள்ளாது. கேம்களுக்கு விலக்கு உண்டு. கல்லா டேப்லெட்டில் முதலாளி ஆசை பலிக்காது, போனில் பலிக்கும்.

கயல்_யூஐ:
போன்லயும் பூட்டக் கூடாது. சக்கர நாற்காலியில போனைப் படுக்கவாட்டுல பொருத்தி வெச்சிருக்கவர் எதைத் திருப்புவார்? 2018ல வந்த டபிள்யூசிஏஜி 2.1ல (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துறதுக்கான இணைய வழிகாட்டி) 1.3.4ங்கிற விதி இதுக்குன்னே இருக்கு: அவசியம் இல்லாம ஒரே திசையில கட்டிப்போடாதே.

நிமிர்ந்தவன்:
அதை ஒத்துக்கறேன். திருப்ப விடுங்க, பிரிக்காதீங்க. ரெண்டும் வேற வேற. ஒரே பத்தி, 600 டிபி அகலத்துல நடுவுல நிறுத்துங்க. பேரும் தொகையும் கிட்ட கிட்ட வந்துடும், டெஸ்ட் பண்ணவும் ஒரே லேஅவுட்.

கயல்_யூஐ:
சாயங்காலம் அன்னிக்கு வந்த ஆர்டரை ஒவ்வொண்ணா சரிபார்க்கிறவரை நினைச்சுப் பாருங்க. தொடு, பாரு, பின்னால வா, லிஸ்ட்டுல விட்ட இடத்தைத் தேடு. பிரிச்சா ஒரு தொடலோட முடிஞ்சது. உங்களுக்கு டெஸ்டிங் மிச்சம், அவருக்கு விரல் தேய்மானம்.

ஈரோடு_கோடர்:
சரி, 840க்கு மேல பிரிக்கிறேன், கீழே ஒரே பத்தி. புது ஆர்டர் ஃபாரம் போன்ல எப்பவும் முழு ஸ்கிரீன், அங்கே கீபோர்டு தொல்லை உண்மைதான். ஒரு சந்தேகம்: பாதி தட்டும்போது திருப்பினா?

பழைய_டெவ்:
வழக்கமான அமைப்பில் ஆக்டிவிட்டி (ஆப்பின் ஸ்கிரீனை இயக்கும் பகுதி) அழிந்து மறுபடி பிறக்கும். தேர்ந்தெடுத்த ஆர்டர் எண், தட்டிய எழுத்து இரண்டையும் சேவ்டு ஸ்டேட்டில் (அழிந்து பிறந்தாலும் மீட்டெடுக்கும் சேமிப்பு) வையுங்கள். இரண்டு பேனிலிருந்து ஒன்றுக்குச் சுருங்கும்போது எதைக் காட்டுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பயனரே தொட்டுத் திறந்த ஆர்டர் என்றால் விவரம், பேக் அழுத்தினால் லிஸ்ட். வலப்பக்கம் காலியாக இருக்கக் கூடாதென்று ஆப் தானாகவே திறந்து வைத்த முதல் ஆர்டர் என்றால் லிஸ்ட்டையே காட்டுங்கள். கேட்காத ஆர்டர் திடீரென்று எதிரில் வந்து நின்றால் பையன் குழம்புவான்.

நிமிர்ந்தவன்:
411×915 போனும் 840ஐத் தாண்டும், உயரம் அதே 411தான். அதுல ரெண்டு பேன் போட்டு ஒரு வாரம் பையன்கள் கையில விடுங்க. எத்தனை பேர் திருப்பியே பிடிக்கிறாங்கன்னு இங்க வந்து சொல்லுங்க.