ரவுட்டர் மாற்றியதிலிருந்து ஸ்மார்ட் ப்ளக், கேமரா, பல்பு எதுவும் கனெக்ட் ஆகவில்லை (கீழக்கரை)

கீழக்கரைத் தம்பி:
எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். கீழக்கரை வீட்டில் உம்மா மட்டும்தான் இருக்கிறார்கள். நான் மதுரையில் வேலை பார்க்கிறேன், காக்கா (அண்ணன்) துபாயில். உம்மாவுக்கு முழங்கால் வலி, பின்கட்டுக்கு இறங்கிப் போய் மோட்டார் போட முடியவில்லை என்பதால் மோட்டாருக்கு 16 ஆம்பியர் ஸ்மார்ட் ப்ளக் ஒன்று, வாசலில் ஒரு கேமரா, ஹாலிலும் மாடிப்படியிலும் ஸ்மார்ட் பல்பு என்று மாட்டிக் கொடுத்தோம். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் பழைய ரவுட்டர் போய்விட்டது, இணைப்புக்காரர் வந்து புதிதாக ஒன்று வைத்துவிட்டுப் போனார். போனில் நெட் நன்றாக வருகிறது, வீடியோ காலில் காக்கா முகம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இந்தச் சாமான்கள் மட்டும் எல்லாமே ஆஃப்லைன்.

ப்ளக்கை ரீசெட் செய்து மறுபடி சேர்த்தால் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்கிறது, வட்டம் சுற்றுகிறது, கடைசியில் முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. கேமராவையும் ரீசெட் செய்து பார்த்தேன், அது பாஸ்வேர்ட் தவறு என்று குரல் கொடுக்கிறது. அதே பாஸ்வேர்டில்தான் என் போன் ஓடுகிறது. பல்புகளில் இன்னும் கை வைக்கவில்லை. கடையில் கேட்டால் ரவுட்டர் போன கரண்ட்டிலேயே இதுவும் போயிருக்கும், புதிது வாங்குங்கள் என்கிறார்கள். ஞாயிறு இரவு மதுரை திரும்ப வேண்டும், அதற்குள் மோட்டாராவது ஓட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உச்சிப்புளிக்காரர்:
எங்கள் பக்கத்திலும் இந்த மாதிரி தொந்தரவு உண்டு தம்பி. இங்கே ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறதா, அங்கே உள்ள ரேடார்தான் வைஃபையை அடிக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். கீழக்கரை வரைக்கும் அது எட்டுமா தெரியவில்லை.

மண்டபம் ஒயர்மேன்:
தம்பி, முதலில் எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சாமான் போனது மாதிரி இல்லை, புது ரவுட்டரின் செட்டிங்தான் ஒத்துவரவில்லை.

இந்த ப்ளக், பல்பு எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது விலை குறைந்த வைஃபை சிப், ஈஎஸ்பி8266 மாதிரி. அதற்கு வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் பழைய ரவுட்டர் 2.4 மட்டும் கொடுத்திருக்கும். புது ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கிறது, போன் வேகம் அதிகமான 5இல் போய் உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் ஆப்பில் ப்ளக்கைச் சேர்க்கும்போது என்ன நடக்கிறது என்றால், போன் அந்த வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் காற்றில் சிறுசிறு பாக்கெட்டாக அனுப்புகிறது, ப்ளக் அதைக் கவனித்துப் பொறுக்கி எடுக்க வேண்டும். போன் 5இல் நின்று அனுப்பினால் 2.4இல் காது வைத்திருக்கும் ப்ளக்குக்கு ஒன்றுமே விழாது. அதனால்தான் வட்டம் சுற்றி நின்றுவிடுகிறது.

கேமரா பாஸ்வேர்ட் தவறு என்று சொல்வது வேறு கதை. புது ரவுட்டர்களில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று வைத்திருப்பார்கள். பழைய கேமராவுக்கு அது புரியாது, புரியாததைத் தவறான பாஸ்வேர்ட் என்றே சொல்லும்.

செய்ய வேண்டியது இது. போன் பிரவுசரில் 192.168.1.1 போட்டு ரவுட்டருக்குள் போங்கள் (முகவரி மாறியிருந்தால் ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்). வயர்லெஸ் பக்கத்தில் ஸ்மார்ட் கனெக்ட் அல்லது பேண்ட் ஸ்டீயரிங் என்று இருப்பதை அணையுங்கள். 2.4க்குத் தனிப் பெயர், 5க்குத் தனிப் பெயர். 2.4இல் பாதுகாப்பை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வையுங்கள். சேனல் ஆட்டோவில் இருந்தால் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக மாற்றுங்கள். நம் நாட்டில் 13 வரை உண்டு, ஆனால் அமெரிக்கச் சந்தைக்குச் செய்த சாமான்கள் பல 11க்கு மேல் பார்க்காது.

முக்கியமான விஷயம் ஒன்று: 2.4க்கு வைக்கும் பெயரும் பாஸ்வேர்டும் பழைய ரவுட்டரில் இருந்ததே அப்படியே இருக்கட்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி, எதுவும் மாறக் கூடாது. ரீசெட் செய்யாத பல்புகள் அந்தப் பெயரைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கும், கண்டதும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஊரில் எத்தனையோ வீட்டில் ரவுட்டர் மாற்றியதும் ஒவ்வொரு பல்பாக ஏணி போட்டுக் கழற்றி ரீசெட் செய்கிறார்கள், தேவையே இல்லாத வேலை.

கீழக்கரைத் தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே. ஆனால் ரவுட்டருக்குள் போக ஸ்டிக்கரில் இருக்கும் பாஸ்வேர்ட் எடுக்கவில்லை, இணைப்புக்காரர் மாற்றி வைத்திருக்கிறார் போல. அவர் போன் எடுக்கவில்லை.

தொண்டி டீச்சர்:
தம்பி, அவர் எடுக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். சாமான் உயிரோடு இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடலாம். உம்மா போனில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். அதன் பெயரும் பாஸ்வேர்டும் உங்கள் பழைய வைஃபையுடையதாக வையுங்கள். ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் பேண்ட் என்று ஒன்று இருக்கும், அதை 2.4 ஆக்குங்கள், ஐபோனாக இருந்தால் மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்பதை ஆன் செய்ய வேண்டும். பிறகு பல்பு சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்.

ரீசெட் செய்த ப்ளக்கை மட்டும் உங்கள் போனிலிருந்து மறுபடி சேர்க்க வேண்டும். உங்கள் போனை அந்த ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறதா பாருங்கள், அது இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள வைஃபையைத் தேடவே முடியாது. மாணவர்கள் வீட்டிலிருந்து இதைப் பற்றிக் கேட்காத மாதமில்லை.

கீழக்கரைத் தம்பி:
டீச்சர், இரண்டு பல்பும் சுவிட்ச் போட்டதும் தானாக ஆப்பில் பச்சைக்கு வந்துவிட்டன! ப்ளக்கும் சேர்ந்தது, உம்மா மேலே கட்டிலில் உட்கார்ந்தபடியே மோட்டார் போட்டுப் பார்த்தார்கள். அப்படியென்றால் எதுவும் கெட்டுப்போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மஃக்ரிப் தொழுகைக்குப் பிறகு இணைப்புக்காரரும் திருப்பி அழைத்து பாஸ்வேர்ட் சொன்னார். ஒயர்மேன் அண்ணன் சொன்னபடி இரண்டாகப் பிரித்து, 2.4க்குப் பழைய பெயர் போட்டேன். ஹாட்ஸ்பாட்டை நிறுத்தியதும் எல்லாம் ரவுட்டருக்கு மாறிக்கொண்டன. கேமராவும் டபிள்யூபிஏ2 வைத்ததும் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரு சிக்கல். கேமராவை ஹாலில் வைத்தால் ஓடுகிறது, வாசலில் மாட்டினால் பகலில் இருக்கிறது, இருட்டியதும் போய்ப் போய் வருகிறது. சிக்னலா?

பாம்பன் ஹோம்ஸ்டே:
இருட்டியதும் மட்டும் போகிறது என்றால் எனக்கு சிக்னல் மேல் சந்தேகம் இல்லை, கரண்ட் மேல்தான். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், அப்போது அது இழுக்கும் கரண்ட் கூடும். அடாப்டர் வீட்டுக்குள் இருந்து வாசல் வரை மெல்லிய ஒயரை நீட்டியிருந்தால் 5 வோல்ட்டில் வழியிலேயே கொஞ்சம் குறைந்துவிடும், கேமரா பத்தாமல் ரீஸ்டார்ட் ஆகும்.

அப்புறம் நம் கரையில் இன்னொன்றும் உண்டு. கேமராவின் கரண்ட் பின்னைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் பக்கம் பார்த்த வீடுகளில் உப்பு உள்ளே வரை போகும். என் விடுதியில் வாசல் கேமராவுக்கு வருஷா வருஷம் இதே நோய்தான், ரவுட்டரின் லேன் பின்களுக்கும் இதேதான். ஆப்பில் சிக்னல் அளவையும் பாருங்கள். மைனஸ் 60, 65 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 80ஐத் தாண்டினால்தான் அதைக் குறை சொல்ல வேண்டும்.

கீழக்கரைத் தம்பி:
சிக்னல் மைனஸ் 63 காட்டுகிறது. பின்னைக் கழற்றினேன். வெளியே இருந்து பார்த்தால் சுத்தமாக இருக்கிறது, உள்ளே நடு ஊசியைச் சுற்றிப் பாசி பிடித்த மாதிரி பச்சை, ஒரு ஓரம் கறுத்துப் போயிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. ஒயரும் நீளம்தான், தெருவாசல் வரை இழுத்திருக்கிறோம்.

பாம்பன் ஹோம்ஸ்டே:
அதேதான். கத்தி, உப்புத்தாள் போடாதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே திரும்பப் பச்சை பூக்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு சிலிக்கான் கிரீஸ் மெல்லப் பூசிப் பின்னைச் செருகுங்கள். பின் கறுத்திருந்தால் அது சூடாகிறது என்று அர்த்தம், அந்த அடாப்டரை மாற்றிவிடுவதே நல்லது, 2 ஆம்பியராகப் பாருங்கள். இணைப்பு வெளியே தொங்க வேண்டாம், மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, ஒயர் பெட்டிக்குக் கீழிருந்து நுழைகிற மாதிரி செய்யுங்கள், மழைநீர் ஒயர் வழியாக இறங்கி உள்ளே போகாது. அடாப்டரை வாசலுக்குக் கிட்டே கொண்டுவந்து 5 வோல்ட் ஒயரைக் குட்டையாக்க முடிந்தால் இன்னும் நிம்மதி.

மண்டபம் ஒயர்மேன்:
உச்சிப்புளி அண்ணனுக்கு: ரேடாருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை அண்ணே. ரேடார் தெரிந்தால் ரவுட்டர் சேனலை விட்டு ஒதுங்க வேண்டும் என்ற விதி 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்களுக்கு மட்டும்தான், 52ஆம் சேனலிலிருந்து மேலே சில. 2.4இல் அப்படி எதுவும் கிடையாது. உங்கள் வீட்டில் 5 மட்டும் அடிக்கடி விழுகிறது என்றால் சேனலை 36 ஆக வைத்துப் பாருங்கள்.

கீழக்கரைத் தம்பிக்கு மோட்டார் விஷயமாக ஒன்று, இது வைஃபையை விட முக்கியம். மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும், ப்ளக்கின் உள்ளே இருக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்ச் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். ஆப்பில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். ஊர் எலக்ட்ரீசியனிடம் சொல்லி நடுவில் ஒரு கான்டாக்டர் (மோட்டார் கரண்ட்டைத் தாங்குகிற பெரிய ரிலே) வைக்கச் சொல்லுங்கள், ப்ளக் கான்டாக்டரை மட்டும் இயக்கட்டும். இன்னொன்று, ஆப்பில் ப்ளக்கின் செட்டிங்கில் கரண்ட் போய் வந்தால் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கேட்கும். அதை ஆஃப் என்று வையுங்கள். இல்லாவிட்டால் நடு இரவில் கரண்ட் வரும்போது மோட்டார் தானாகக் கிளம்பித் தண்ணீர் இல்லாமல் ஓடும், உம்மாவுக்குத் தெரியவும் தெரியாது.

கீழக்கரைத் தம்பி:
ஆஃப் என்று மாற்றிவிட்டேன் அண்ணே, மெயினை அணைத்துப் போட்டும் பார்த்தேன், மோட்டார் கிளம்பவில்லை. கான்டாக்டருக்கு நாளைக் காலை ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி. காக்காவுக்குக் கேமராவைப் பகிர்ந்தால் அவர் கணக்கு இல்லை என்று சொல்கிறது, ஆனால் அவர் அதே ஆப்தான் வைத்திருக்கிறார்.

தொண்டி டீச்சர்:
அவர் துபாயில் கணக்குத் தொடங்கும்போது நாடு அமீரகம் என்று கொடுத்திருப்பார். இரண்டு கணக்கும் வெவ்வேறு பிராந்தியத்து சர்வரில் இருந்தால் ஒன்றுக்கொன்று தெரியாது. இந்தியா என்று தேர்ந்தெடுத்து அவரைப் புதுக் கணக்கு ஒன்று தொடங்கச் சொல்லுங்கள், அதற்குப் பகிருங்கள். பழைய கணக்கில் ஏதாவது சாமான் சேர்த்து வைத்திருந்தால் அதை முதலில் அங்கே நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் புதுக் கணக்கில் சேர்க்க விடாது.

கீழக்கரைத் தம்பி:
புதுக் கணக்கு தொடங்கிவிட்டார், பகிர்ந்ததும் வந்துவிட்டது. புது அடாப்டரில் கேமரா விடிய விடிய விழாமல் ஓடியது. ஒயர்மேன் அண்ணன், டீச்சர், பாம்பன்காரர் மூவருக்கும் உம்மாவின் துஆ உண்டு.