மென்பொருள் துறையின் பங்கு: டாலரா, வேலைவாய்ப்பா?

கேள்வி – பொருளியல் மாணவி

இந்திய மென்பொருள் மற்றும் அதைச் சார்ந்த சேவைகளின் வருவாய் 2023-24ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25,000 கோடி டாலர் என்றும், அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 7 விழுக்காட்டுக்கு ஈடானது என்றும் மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் கூறுகிறது. ஆனால் அந்த ஆண்டில் அத்துறையில் நேரடியாக வேலை பார்த்தோர் சுமார் 54 லட்சம் பேர்தான். 50 கோடிக்கும் மேற்பட்ட உழைப்பாளர்களைக் கொண்ட நாட்டில் இது நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கு. அப்படியிருக்க, நாட்டின் பொருளாதாரத்தையே இத்துறை தூக்கி நிறுத்தியது என்பது எந்த அளவுக்குச் சரி?

பதில் – ஓய்வுபெற்ற வங்கியாளர்

தலைகளை மட்டும் எண்ணினால் உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் 1991இல் இறக்குமதிக்குப் பணம் செலுத்த வழியின்றி, ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் நாம் அடகு வைத்தோம். இன்றைக்கும் சரக்கு வணிகத்தில் நமக்குப் பற்றாக்குறைதான். 2023-24இல் அது சுமார் 24,000 கோடி டாலர். அந்தப் பள்ளத்தின் பெரும்பகுதியை நிரப்பியது 20,000 கோடி டாலர் அளவிலான மென்பொருள் ஏற்றுமதி. கச்சா எண்ணெய் வாங்கும் டாலர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இத்துறையின் எடை விளங்கும்.

பதில் – பழைய நிரலர்

அந்த டாலர் எங்கே செலவாகிறது என்பதும் முக்கியம். எண்பதுகளில் ஏற்றுமதி என்றாலே பெரும்பாலும் ஆன்சைட் வேலைதான். ஆளை அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள், ஊதியத்தில் கணிசமான பங்கு அங்கேயே வாடகையாகவும் சாப்பாடாகவும் கரைந்துவிடும். 1985இல் பெங்களூருவுக்கு வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், இங்கிருந்தபடியே செயற்கைக்கோள் வழியாக வேலையை அனுப்பலாம் என்று காட்டியது. சொந்த இணைப்பு அமைக்க வசதியில்லாத சிறு நிறுவனங்களுக்கு அதே வாய்ப்பைக் கட்டணத்துக்கு வழங்கியது 1991இல் மத்திய அரசு தொடங்கிய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு. 2011 மார்ச் வரை வருமான வரிச் சலுகையும் இருந்தது. அரசு ஒதுங்கி நின்றதால்தான் இத்துறை வளர்ந்தது என்று பலர் சொல்வதை (கூட்டங்களில் இதற்குக் கைதட்டலும் கிடைக்கும்) நான் ஏற்பதில்லை.

பதில் – ஓஎம்ஆர்வாசி

வேலை ஊருக்கு வந்ததன் விளைவை, 2000இல் மென்பொருள் நிறுவனங்களுக்கான டைடல் பூங்கா வளாகம் திறக்கப்பட்ட பின் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையான எங்கள் ஓஎம்ஆரில் கண்டோம். வேன் ஓட்டுநர், காவலாளி, விடுதிச் சமையல்காரர், கட்டுமானத் தொழிலாளி என்று நாஸ்காமின் 54 லட்சத்தில் சேராத பலருக்கு அதனால் பிழைப்பு கிடைத்தது. ஆயினும் இவர்களில் பலர் ஒப்பந்தக் கூலியில் இருக்கிறார்கள்; மனை விலை ஏறியதால் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு அருகே குடியிருக்கவும் முடிவதில்லை. துறைக்குள்ளே மூன்றில் ஒருவருக்கு மேல் பெண்கள் என்பதை மட்டும் நான் தயங்காமல் பாராட்டுவேன். 2023-24இல் டிசிஎஸ், இன்ஃபோசிஸ் இரண்டிலும் ஊழியர் எண்ணிக்கை குறைந்தது, வருவாயோ கூடியது. இந்தப் போக்கு நீடித்தால் வங்கியாளர் ஐயா சொன்ன டாலர் கணக்குக்குக் குறைவு வராது. வேனுக்கும் விடுதிக்கும் ஆள் குறையும்.